மெசினுக்குத் தைத்த உறை

எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருள் கிடையாது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குக்கூடப் பூப்போட்ட ஒன்று. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி லாரி லாரியாக எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். தார்ப்பாய் போட்ட லாரி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அந்தக் கரியைக் கப்பலிலிருந்து இறக்கும் கிரேன் ஒன்றை ஓட்டியவர் என் கணவர். ஆக, கரி எங்களுக்குச் சோறும் போட்டது, சோற்றின் மேலும் விழுந்தது.

புத்தாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். எங்கள் ஒரே மகளுக்கு ஒன்பது வயது, கூடவே வீசிங். அவள் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அது காதில் விழுந்துவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு, அந்த லாரிங்க உங்க தெருவை விட்டுப் போவணும். இல்லன்னா பாப்பா போவணும்."

தாம்பரத்தில் என் அக்கா இருந்தாள். பிள்ளையை அங்கே அனுப்பிவிடச் சொல்லி வாரம் தவறாமல் போன் செய்தாள். நான் அசையவில்லை. பெற்ற பிள்ளையை ஊர் கடத்திவிட்டு நான் யாருக்குத் தலை பின்னிவிடுவது? லாரிதான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். அதை லாரிகளிடம் யார் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போது அரசாங்கமே வீடு தேடி வந்தது. மாநிலம் முழுக்கப் புகை, தூசி, பூமியைச் சூடாக்கும் வாயு எல்லாவற்றையும் குறைக்க ஒரு பெரிய திட்டம் தயாராகிறதாம். அதற்கு முன்னால் ஊர் ஊராகக் காற்றை அளக்க வேண்டுமாம். எங்கள் தெருவில் அதற்குத் தோதான மொட்டை மாடி எங்களுடையது என்று கண்டுபிடித்து, தகரக் கூரை போட்ட ஒரு மெசினை மேலே ஏற்றிவிட்டார்கள். காற்றை உள்ளே இழுக்கும், உள்ளே இருக்கிற வெள்ளைத் தாளில் தூசி படியும், அந்தத் தாளை எடை போட்டுக் கணக்கு எழுதுவார்கள். ஓடும்போது மாவரைக்கிற சத்தம் கேட்கும்.

அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வந்தார். புளியந்தோப்புக்காரர், காண்டிராக்ட் வேலை. திங்களும் வியாழனும் காலையில் வந்து புதுத் தாள் வைப்பார், மறுநாள் காலையில் வந்து எடுத்துப் போவார்.

"டீச்சர், இதுல கரி ஜாஸ்தின்னு வந்துச்சுன்னா உங்க தெரு மேப்புல சிவப்புல பூடும். சிவப்புல பூட்டா லாரிங்கள வேற ரூட்ல வுட்ருவாங்க, தார்ப்பா போடாம வரக் கூடாதுன்னு ஆர்டரும் வந்துரும். மெசின மட்டும் கொஞ்சம் பத்ரமா பாத்துக்கோங்க. இது பேஜார் பண்ணிச்சுன்னா என் வேல காலி" என்றார்.

என் மகளின் மூச்சு, அவருடைய வேலை இரண்டும் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன என்று எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் மாடிக்குப் போய்ப் பார்த்தால் மெசின் மேல் ஒரு விரற்கடை கரி. இப்படியே விட்டால் மோட்டார் என்னத்துக்கு ஆகும்? பழைய சேலை ஒன்றை எடுத்தேன். மோட்டாருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று பருத்தியாகவே பார்த்து எடுத்தேன். அளவெடுத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, கரை முன்பக்கம் வருகிற மாதிரி அழகாக ஓர் உறை தைத்து மாட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ராயபுரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆறாம் வகுப்புக்கு வடிகட்டுதல் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள். கலங்கல் தண்ணீரைத் துணியில் ஊற்றிக் காட்டி, "பார்த்தீர்களா, அழுக்கு துணியில் நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து உறை சரியாக மாட்டியிருக்கிறதா என்று மாடியேறிப் பார்ப்பேன்.

சனிக்கிழமைதோறும் அந்த உறையைத் துவைப்பேன். வாளித் தண்ணீர் மை மாதிரி ஆகிவிடும். நல்ல வேளை, இவ்வளவும் மெசினுக்குள் போகாமல் காப்பாற்றினோம் என்று நிம்மதியாகக் கொட்டிவிடுவேன்.

அந்த ஆள் வருகிற காலைகளில் மட்டும் உறையைக் கழற்றி மடித்து வைத்துவிடுவேன். வீட்டுக்கு ஆள் வரும்போது டிவியை உறையோடு வைத்திருப்போமா? அதே மரியாதைதான். அவர் போனதும் திரும்ப மாட்டிவிடுவேன். அதனால் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

"உங்க வூட்டு மெசின் மட்டும் புதுசாட்டம் கீது டீச்சர். மத்த எடத்துலலாம் பேப்பர் கரிச்சட்டியாட்டம் வருது, இங்க பளிச்சுனு கீது" என்று ஒருநாள் தாளைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கு ஒரு காபி கூடுதலாகக் கொடுத்தேன்.

ஒரு வருடம் கழித்து, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, திரையில் படத்தைப் போட்டுத் திட்டத்தை விளக்கினார். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வரைபடம், அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். நடுவே ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அது எங்கள் தெரு.

"இந்தப் பகுதியில் காற்றின் தரம் திருப்திகரம். தற்போதைய போக்குவரத்தே தொடரலாம்" என்றார் அதிகாரி.

எங்கள் எதிர்வீட்டு அம்மா எழுந்துவிட்டாள். "இன்னா சார் இது? கொடியில வெள்ளத் துணி போட்டா கறுப்பா எடுக்குறோம். இங்க இன்னாடான்னா பச்சையா கீது?"

"அம்மா, இது அறிவியல் பூர்வமான அளவீடு. அதுவும் இந்த மாடிக் கருவிதான் மாவட்டத்திலேயே நன்றாகப் பராமரிக்கப்பட்டது" என்றார் அவர்.

பராமரிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும்தான் எனக்கு அந்த வாளித் தண்ணீர் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட என் மேல் ஆத்திரமாக இருந்தது. எழுந்து நின்றேன்.

"சார், அந்த மெசினை நான் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். வருடம் முழுக்க. உங்கள் ஆளுக்குத் தெரியாது, அவர் மேல் தப்பில்லை."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஓரமாக நின்றிருந்த புளியந்தோப்புக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன துணி, மேடம்?"

"பருத்திச் சேலை, சார்."

அதிகாரி அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார். பிறகு, எண்கள் எல்லாம் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டதாகவும், இனி மாற்ற வழியில்லை என்றும், அடுத்த திட்டத்தில் நிச்சயம் கவனிப்பதாகவும் சொன்னார். அடுத்த திட்டம் எப்போது என்று கேட்டேன். இது முடிந்த பிறகு என்றார். வடையும் டீயும் வந்தன.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பத்தே நாளில் புளியந்தோப்புக்காரர் ஒரு தகரப் பலகையோடு வந்தார். "என்ன வேலைய வுட்டுத் தூக்கல டீச்சர். இத்த மாட்டிட்டு வான்னு அனுப்சாங்க" என்று சிரித்தபடி மெசின் மேல் திருகி மாட்டினார். 'மூடக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்து அந்தத் திட்டத்தில் உடனடியாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

கீழே லாரிகள் குவித்த கரியோடு திறந்தபடியே போய்க்கொண்டிருந்தன. என் கணவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துவிட்டு, "இவனுங்களும் உன் போர்ட படிச்சிருப்பானுங்க போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடமாக நான் ஒரு தகரப் பெட்டிக்குக் காற்றை வடிகட்டிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு நேர் கீழ் அறையில்தான் என் பிள்ளை படுத்திருந்தாள்.

லாரி போகவில்லை, மகள் போனாள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் தாம்பரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். ரயிலில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, பெரியம்மா வூட்ல டிவிய மூடவே மாட்றாங்கம்மா. அப்டியே தெறந்து கெடக்குது. நீ வரும்போது ஒரு உறை தெச்சு எடுத்துனு வா."

நீளமாகப் பேசினாள். நடுவில் ஒரு தடவைகூட அந்த விசில் கேட்கவில்லை.