தீர்ப்புக்கு முந்தைய தூக்கு

ரோஸ் காகிதத்தில் எட்டுப் பக்கம். அட்டையில் மீசைக்காரன் ஒருவன் தூக்குக் கயிற்றுக்குக் கீழே கைகூப்பி நிற்கிறான். எந்த ஊர்க் கொலையானாலும் அந்த அச்சுக்கூடத்தார் இதே மரக்கட்டைப் படத்தைத்தான் போடுவார்கள். என் அத்திம்பேருக்கு மீசையே கிடையாது. 'ஸ்ரீரங்கம் கம்பவுண்டர் கொலைச்சிந்து' என்ற தலைப்பின் கீழ், அச்சான மாதம் வைகாசி என்றிருக்கிறது. மாதம் தேதிகளைச் சரிபார்ப்பது என் சுபாவம். இந்த ஒரு மாதத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முப்பதுகளின் நடுப்பகுதி. அக்காவின் கணவரான அத்திம்பேர் ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். நான் திருச்சியில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. ஜாகை அவர்கள் வீட்டில். பங்குனி உற்சவம் முடிந்த வாரம், சித்திரை வீதியில் தனியாக வசித்த மூதாட்டி ஒருவர் இறந்துகிடந்தார். நகைகளைக் காணோம். முந்தின சாயங்காலம் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவர் அத்திம்பேர். அதில் விஷம் கலந்தார் என்று போலீசார் அழைத்துப் போனார்கள். பத்திரிகைகள் முதலில் 'சந்தேகத்தின் பேரில்' என்று எழுதின. மறுவாரம் அந்தச் சொற்கள் உதிர்ந்துவிட்டன. அதன் பிறகு, அத்திம்பேரைத் தூக்கில் போட்டே முடித்த சிந்து வந்தது. கொலைச் செய்திகளைப் பாட்டாகக் கட்டி, ரயிலிலும் கடைவீதியிலும் பாடிப் புத்தகம் விற்பது அன்றைய வழக்கம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதுதான் பத்திரிகை.

"கோர்ட்டே இன்னும் ஒண்ணும் சொல்லலையேடா. இவன் எப்படித் தூக்குல போடறான்?" என்று அக்கா கேட்டாள். என் பயம் வேறாக இருந்தது. செஷன்ஸ் வழக்கில் நீதிபதிக்குத் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல ஊர்ப் பிரமுகர்கள் சிலர் உட்காருவார்கள். அசெஸர் என்று பெயர். விசாரணை ஆவணியில் தொடங்கியது. அசெஸர்களில் ஒருவர் மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக் கடைக்காரர். முதல் நாள் மாலை அவர் கடைப் பக்கம் போனேன். கடை வாசலிலேயே சிந்துக்காரன் கஞ்சிராவைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தான். முதலாளி கல்லாவில் சாய்ந்து, விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டுக்காரனைத் தனியே அழைத்து, வழக்கு முடியும்வரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். அவன் மரியாதையாகவே பேசினான்.

"சிந்துன்னா தூக்குல முடியணும் சாமி. கடைசியில குத்தவாளி அழுவணும், கேக்குற பொம்பளைங்க கண்ணைத் தொடைக்கணும். அப்பத்தான் புஸ்தகம் நகரும்."

"அவரை விட்டுட்டா?"

"விட்டுட்டா அப்புறம் பாட்டுல என்ன இருக்கு?"

அவனிடம் வன்மம் எதுவும் இல்லை என்பது என்னை இன்னும் பயமுறுத்தியது. குற்றம் எப்படி நடந்தது என்பதைவிட, அது எப்படி முடியவேண்டும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. பிற்காலத்தில் குற்றவியல், சமூகவியல் என்று எத்தனையோ நூல்களைப் புரட்டினேன். அந்த ஜவுளிக் கடைக்காரரின் விரல்களை எந்த நூலும் எனக்கு விளக்கவில்லை.

அடகுக் கடைக்காரர் ஒருவர் கூண்டிலேறி, நகைகளைக் கொண்டுவந்தவன் மூதாட்டியின் பங்காளி என்று சொன்னதும் வழக்கு சரிந்தது. அசெஸர்கள் எல்லோரும், தாளம் போட்டவர் உட்பட, குற்றவாளி அல்ல என்றார்கள். பத்திரிகையில் அது உள்பக்கத்தில், எண்ணெய் விளம்பரத்தை ஒட்டி வந்தது. அத்திம்பேர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் அவர் கலக்கிய மருந்தை யாரும் வாங்கவில்லை. "கொஞ்ச நாள் கண்ணிலே படாம உள்ளே இருங்கோ" என்றார் டாக்டர்.

ஐப்பசியில் ஒரு நாள், ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்கு ரயிலில் நாங்கள் இருவரும் போனோம். அதே பாட்டுக்காரன் ஏறி, அதே பாட்டைப் பாடினான். நான் எழப்போனேன். அத்திம்பேர் என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். எதிரே வையம்பட்டிக்குப் போகிற ஒரு அம்மாள் கூடையை அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்குமேடை வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"படுபாவிக்கு நல்லா வேணும். பாவம், அவன் பொண்டாட்டி என்ன ஆனாளோ."

"சௌக்கியமா இருக்காம்மா" என்றார் அத்திம்பேர்.

"உங்களுக்குத் தெரியுமா சாமி?"

"காலம்பற காப்பி கொடுத்தா."

"அப்போ அந்த வீட்டுக்குச் சொந்தமா நீங்க?"

"ஆமாம். செத்துப்போனவருக்கு ரொம்ப நெருக்கம்."

அவள் அனுதாபத்தோடு தலையசைத்தாள். அத்திம்பேர் பாட்டுக்காரனைக் கூப்பிட்டு ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டார். ஜங்ஷன் வரும்வரை அட்டையிலிருந்த மீசைக்காரனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தப் புத்தகம்தான் இது. இதன்படி அவர் வைகாசியில் இறந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் என் பக்கத்து இலையில் சாப்பிட்டார். இன்று காலைப் பத்திரிகையில் யாரோ ஒருவன் கைதாகியிருக்கிறான். முகம் பெரிதாக வந்திருக்கிறது. 'சந்தேகத்தின் பேரில்' என்ற சொற்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த வாரமும் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக, அந்தத் தாளை மடித்து ரோஸ் காகிதத்துக்குள் வைத்திருக்கிறேன்.