வடகத்துக்குக் காவல்

என் மனைவி என்னை நம்பி எந்தப் பொருளையும் ஒப்படைத்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு ஃபிளாஸ்க்கை ஒப்படைத்தாள். அது பஸ்ஸில் போனது; நான் இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் போன வருஷம் சித்திரையில்தான் மறுபடியும் ஒரு பொருள் என் பொறுப்புக்கு வந்தது. தாளிப்பு வடகம்.

எங்கள் மகள் பிரான்சில், லியோன் நகரத்தில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போவதாக ஏற்பாடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் என்பதால் எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் பிரான்சுக்குப் போய்வருவது ஒரு அதிசயமே இல்லை, வீட்டுக்கு வீடு யாராவது ஒருத்தர் அங்கே இருப்பார். ஆனால் நாங்கள் இருவரும் அதுவரை விமானத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதனால் வீட்டில் ஒரே அமளி. பெட்டி வாங்கினோம். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்து வியர்த்து வழிந்தோம். குளிருக்குப் பழக்கப்படுத்திக்கொள்கிறேன் என்று நான் ஃபிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதற்கு மனைவி முறைத்தாள்.

மகளுக்கு மட்டும் மசக்கை விட்டபாடில்லை. அங்கே எந்தச் சாப்பாட்டின் வாசனையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோவில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"என்னாதான்டி வேணும் ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லு."

"ஒண்ணும் வேணாம்மா. நீ போடுவ இல்ல, அந்த வடகம். அதத் தாளிச்சு ஒரு குழம்பு வச்சா நாலு வாய் எறங்கும்னு தோணுது. கடையில வாங்கினது வேணாம், நீ போட்டது."

மறுநாளே பெரிய மார்க்கெட்டிலிருந்து சின்ன வெங்காயம் வந்து இறங்கியது. தோலுரித்து, ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டுப் பிசைந்து, அத்தனையும் மனைவி ஒற்றை ஆளாகச் செய்தாள். அதற்கப்புறம்தான் பாடு. உருண்டை பிடித்து வெயிலில் வைக்க வேண்டும். சாயங்காலம் எடுத்து உதிர்த்துப் பானையில் மூட வேண்டும். மறுநாள் திரும்பவும் உருட்டி, திரும்பவும் வெயில். உள்ளே ஈரம் சுத்தமாகப் போகிறவரைக்கும் இதே வேலை. கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. காயாமல் மூடினால் புளித்துப்போகும்.

ஆனால் மனைவிக்கு மூட்டு வலி. "விமான நிலையத்துல நடக்கணும்னா இப்ப மாடிப்படி ஏறாதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வடகம் காய்வதோ மொட்டை மாடியில். ஆகவே மேலே கொண்டுபோவது, காக்கா விரட்டுவது, வானத்தைப் பார்ப்பது மூன்றும் எனக்கு. இதற்கு ஒரு ஆள் படித்து, அரசாங்க வேலை பார்த்து, ரிட்டயர் ஆகியிருக்கத் தேவையில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பெத்தாங்க். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன குண்டு விளையாட்டு. மண் தரையில் ஒரு சின்ன மரக்குண்டை வீசி, அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறது என்று பார்ப்பது. என் குண்டு பெரும்பாலும் எதிராளியின் குண்டை மரக்குண்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, தான் எங்கேயோ போய் நிற்கும். அப்படிப்பட்ட என்னையும் ஜோடியாகச் சேர்த்துக்கொண்ட புண்ணியவான் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் இருப்பவர். அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தக் கோடையில் கருவடிக்குப்பம் பக்கம் ஒரு போட்டி நடந்தது. எங்கள் ஜோடி எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டது. எப்படி என்றால், காலிறுதியில் எதிர்ஜோடி வரவில்லை.

அரையிறுதி மத்தியானம். வடகம் மாடியில். நான் யோசித்தேன். நான் யோசிக்கும்போது யாராவது தடுத்திருக்கலாம்.

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். என் பழைய கட்டம் போட்ட சட்டையை அதன் முதுகில் மாட்டி, உள்ளே ஒரு தலையணையைத் திணித்தேன். மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துத் துண்டால் முண்டாசு கட்டினேன். மடியில் ஒரு கழியைச் சாய்த்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் நான்தான். என்னைவிடக் கொஞ்சம் கம்பீரமாகவே இருந்தது. வந்த காக்கா ஒன்று மதில்மேல் உட்கார்ந்து, அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டது. எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டரைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்தேன்.

ஆட்டம் பாதியில் மகளிடமிருந்து போன்.

"என்னாப்பா பண்ற?"

"வடகத்துக்குக் காவல் இருக்கேன்மா."

"டங்கு டங்குன்னு சத்தம் வருது?"

"பக்கத்து வீட்ல குழாய் வேல."

அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது.

"இடியாப்பா அது?"

"சேச்சே. ஃபேன் சத்தம்."

"மொட்ட மாடியில ஏதுப்பா ஃபேன்?" என்றாள்.

அதற்குள் மழை கொட்டியது. கோடை மழைக்கு முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது. "யோவ், குண்டப் போட்டுட்டுப் போய்யா, ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்தா கத்தினார். போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய மார்க்கெட் பக்கம் தண்ணீர் நின்று வண்டிகள் நகரவில்லை. நனைந்த கோழியாக நான் வீட்டு வாசலில் இறங்கியபோது எதிர்வீட்டு அம்மா குடையோடு நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க வெளியவா இருந்தீங்க? அய்யய்யோ. அப்ப மாடியில யாரு? மழையில நனைஞ்சுக்குனே உக்காந்திருக்கீங்க, கத்துறேன், கத்துறேன், அசையவே இல்ல. மயக்கம் போட்டுட்டீங்கன்னு ஒங்க வீட்டம்மாவக் கூப்ட்டுச் சொல்லிட்டேனே!"

உள்ளே போனேன். மனைவி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்க ஈரம். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வலது முட்டி வீங்கியிருந்தது. பக்கத்தில் வடகத் தட்டு, வெங்காயச் சாறும் மழைத் தண்ணீருமாக.

நான் வாயைத் திறந்தேன். எப்போதும் ஏதாவது ஒரு தமாஷ் வந்து விழும். அன்று வரவில்லை.

"நீங்க மயங்கிட்டீங்கன்னு நெனச்சு ஏறினேன்" என்றாள். "சட்டையப் பிடிச்சு உலுக்குனேன். சட்டி கீழ விழுந்து ஒடைஞ்சுது."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முப்பது வருஷமாகத் திட்டு வாங்கிப் பழகிய உடம்பு எனக்கு. திட்டு வராததால் எங்கே உட்காருவது, எதைத் தொடுவது என்றே தெரியவில்லை. துண்டு எடுத்து வந்து தலையைத் துவட்டப் போனேன். துண்டை வாங்கிக்கொண்டு தானே துவட்டிக்கொண்டாள்.

முட்டியைப் பார்த்த டாக்டர், பயணத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கேட்டு மனைவி, "பொண்ணு பாத்தா பயப்படுவா" என்று மட்டும் சொன்னாள். வடகம் மறுநாள் காலையிலேயே புளித்த வாடை அடித்தது. எருக்குழியில் கொட்டினேன்.

அன்றைக்கே அவள் போனில் மகளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். சுற்றிவளைத்துப் பேச அவளுக்கு வராது, அது என் இலாகா.

"அப்பாகிட்டயாம்மா குடுத்த?" என்று மகள் சிரித்தாள். சட்டிக் கதையைக் கேட்டு விடாமல் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "பரவால்லம்மா. வாங்க போதும். நான் எப்படியும் ரொட்டியத் தின்னுக்கறேன்" என்றாள். அந்த 'எப்படியும்' காதில் இருக்கும்போதே பையை எடுத்தேன்.

மார்க்கெட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயம் வாங்கி வந்து கூடத்தில் கொட்டிவிட்டு நானே உரிக்க உட்கார்ந்தேன். வாழ்க்கையில் இரண்டு வெங்காயத்துக்கு மேல் உரித்ததில்லை. கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றியது. வெங்காயம் இருக்கும்வரை ஆணுக்கு அழுவதற்கு ஒரு மறைவிடம் உண்டு. மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நீட்டிய காலோடு தள்ளித் தள்ளி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் உரிக்க ஆரம்பித்தாள்.

"நாள் பத்தாதுங்க. காயறதுக்குள்ள கெளம்பணும்."

"வெயிலு நல்லா இருக்கு. நான் பாத்துக்கறேன். இந்தத் தடவ என்னை நம்பு."

"போன தடவயும் ஒங்கள நம்பி மேல அனுப்பல" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வேற ஆள் இல்லாம அனுப்புனேன்."

நான் மாடியில் குடியேறினேன். காலையில் உருண்டைகளோடு ஏறினால் வெயில் சாய்ந்துதான் இறக்கம். குடையைப் பிடித்தால் அதன் நிழல் தட்டின்மேல் விழும் என்று அதையும் மடக்கிவிட்டேன். மண்டை காய்ந்தது. என் தலைக்குத்தான் விளக்கெண்ணெய் தேவைப்பட்டது. ஒரு நாள் கீழே தெருவில் சொல்தாவின் குரல் கேட்டது.

"யோவ், இன்னிக்கு ஃபைனல்யா! அன்னிக்கு நீ போட்டுட்டு ஓடின குண்டு மரக்குண்ட ஒட்டிக்குனு நின்னுச்சு. ஜெயிச்சோம்! எறங்கி வா!"

நான் ஜெயிக்கிற குண்டைப் போட்ட நேரத்தில்தான் மனைவி படியேறியிருப்பாள் என்று கணக்குப் போட்டது மனசு. "வேற ஆளப் பாரு மச்சான்" என்றேன்.

"காக்காவுக்குப் பயந்துக்குனு உக்காந்திருக்கியா?"

"காக்காவுக்கு இல்ல."

அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "சரி, பொம்மையா ஆளான்னு ஒருவாட்டி கைய ஆட்டிக் காட்டு, போறேன்" என்றார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. கையை ஆட்டினேன்.

கிளம்புகிற நாள் காலையில் மனைவி ஒரு உருண்டையைப் பிட்டு மூக்கில் வைத்துப் பார்த்தாள். வெளியே காய்ந்திருந்தது. நடுவில் இன்னும் மெத்தென்று ஈரம்.

"பெட்டியில அடைச்சா போயிச் சேர்றதுக்குள்ள புளிச்சிடும்."

"நீ முன்னால போ. நான் நல்லாக் காயவச்சு எடுத்துக்குனு அப்புறமா வரேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"சக்கர நாற்காலியில தனியா ஒக்காந்துக்குனு நான் எங்க போவேன்? அங்க எவன் என்னா பேசறான்னு எனக்குத் தெரியுமா?"

அந்த நாற்காலிக்கும் காரணம் நான்தான். வெள்ளை வேட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன்.

சென்னைக்குக் கார் வந்தது. பெட்டிகள் பின்னால் போயின. வடகத்தை மட்டும் வெள்ளை வேட்டித்துணியில் பரப்பி, தட்டோடு என் மடியில் வைத்துக்கொண்டேன். விமானம் ராத்திரிதான். சாயங்காலம்வரை வெயில் இருக்கிறது, வழியெல்லாம் காற்று இருக்கிறது, அங்கே போய்ப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். டிரைவரிடம் ஏசியை நிறுத்தச் சொன்னேன். கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னேன்.

"சார், மே மாசம் சார் இது" என்றார் அவர். "அம்மாவுக்கு உடம்பு முடியல போலருக்கு. ஏசி போடவா?"

நான் மனைவியைப் பார்த்தேன். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. காலை எனக்கும் அவளுக்கும் நடுவே தலையணைமேல் நீட்டியிருந்தாள். போடச் சொல் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடனே போட்டிருப்பேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அனல் காற்று உள்ளே அடித்தது. வெங்காயமும் பூண்டும் வெந்தயமுமாகக் கார் முழுக்க மணத்தது. மன்னித்துக்கொள் என்று சொல்வதற்கு அதுதான் நேரம். எனக்கு அந்த மாதிரி வார்த்தைகள் வராது, வந்தாலும் அவள் தமாஷ் என்றுதான் நினைப்பாள். தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மரக்காணம் தாண்டியதும் அவள் கையை நீட்டி, ஓரத்து உருண்டை ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஒரே பக்கமா வச்சுக்குனு வரீங்க" என்றாள். "திருப்பி விடுங்க."

ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.