வலிக்காத புண்கள்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. இருபது வருஷமாக ஆட்களின் முகத்தைவிடக் கால்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் வட்டவளைப் பக்கத்து மழையில் வந்ததெல்லாம் சேற்றுப்புண், செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டு, பிள்ளைகளின் வயிற்றோட்டம். இப்போது பாதிப் பேர் சீனி வியாதிக்காரர்கள். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு கிளினிக் கொப்பி கிடக்கும். அதனால் இவர்கள் கதையைத் தைரியமாகச் சொல்கிறேன்.

வெறும் வயிறு

மாதம் ஒருமுறை சீனி பார்க்கும் நாள். முந்தின நாளே ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய், காலையில் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தேன். முதல் ஆளாக வந்த செல்லம்மாக்காவின் விரலில் குத்திப் பார்த்தால், மெஷின் காட்டியது என்னையே பயமுறுத்தியது.

"என்னக்கா சாப்பிட்டீங்க?"

"பல்லுல பச்சத்தண்ணி படல மிஸ். தேத்தண்ணி மட்டும் ரெண்டு கோப்பை."

சீனி போட்டா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெறும் வயித்துல சீனி போடாம எப்படி மிஸ் குடிக்கிறது?"

செருப்பில் ஆணி

ராசாத்தி நிறையக் கொழுந்து எடுப்பவள். சீனி இருப்பது தெரிந்து ஆறு வருஷம். சீனிக் குளிசையை நினைத்தால்தான் விழுங்குவாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தாள். நொண்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. வாடை வந்ததால் செருப்பைக் கழற்றச் சொன்னேன். செருப்பில் ஏறியிருந்த ஆணி, பெருவிரலுக்கு அடியில் குழி பறித்திருந்தது. எத்தனை நாளாக அதோடு மலை ஏறி இறங்கினாளோ, சீனியில் கால் மரத்துப்போனதால் அவளுக்கே தெரியவில்லை. "வலிக்கலையே மிஸ். வலிச்சா வந்திருப்பேன்ல?" என்றாள்.

உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சடங்கு, திங்கள் போகிறேன் என்றாள். கட்டுப் போட்டுவிட்டு ஆட்டோவை வரவழைத்து, அவளை ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். திங்கள் வரை விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர்.

பெருவிரலை மட்டும் எடுத்தார்கள். சடங்கு அவள் இல்லாமல் நடந்தது. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. இரண்டு மாதம் கழித்து வந்து, என் முன்னால் காலைத் தூக்கி வைத்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு போனப்பதான் மிஸ், மிச்ச ஒம்பதும் என்னோடதுனு தெரியுது."

புருஷன் வேலை

அதற்குப் பிறகு, சீனிக்காரரின் உள்ளங்காலை வீட்டில் ஒருவர் தினமும் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பொம்பளை காலைப் பிடிப்பதா என்று ஃபெக்டரியில் வேலை செய்யும் சுப்பையா முறைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கே தெரியாத ஒரு கீறலைக் கண்டுபிடித்திருந்தார். "இருபத்தஞ்சு வருஷமா மூஞ்சிய மட்டும் பார்த்துச் சண்டை போட்டிருக்கேன் மிஸ்."

வாங்கில் ஒரு இடம்

தினமும் காலையில் பெரட்டுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பவர் கண்டாக்கு ஐயா. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அதில் இரக்கமே கிடையாது. சீனி வருவது சோம்பேறிகளுக்கு என்பது அவர் கட்சி. காலில் பட்ட கீறல் ஒரு மாதமாக ஆறவில்லை என்று அவரே களிம்பு கேட்டு வந்தபோது விரலை நீட்டச் சொன்னேன். மெஷினைப் பார்த்தவர், வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"ஆளுக பாக்காத நேரத்துல வந்து மருந்து எடுத்துக்கிறேனே மிஸ்."

சீனிக்காரர்களுக்கு மருந்து கொடுப்பது வியாழக்கிழமை காலை, எல்லாரோடும்தான் என்றேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. கொப்பியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரிடம் பலமுறை அரைப்பேர் வாங்கிய மாரியாயி நகர்ந்து இடம்விட்டாள். "உக்காருங்கய்யா, இந்தப் பெரட்டுல யாருக்கும் அரைப்பேர் இல்ல."

வெட்டுக்காயக்காரர்கள் அழுதுகொண்டு வந்து சிரித்துக்கொண்டு போவார்கள். இந்தச் சீனிக்காரர்கள் வலி தெரியாமல் சிரித்துக்கொண்டே வருவதால், முதலில் கொஞ்சம் பயமுறுத்திவிட்டுத்தான் நான் பஞ்சை எடுக்க வேண்டியிருக்கிறது.