லீவு கிடைக்காத ஜெனரல்

எண்பத்தைந்து வாக்கில், டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் ஒரு பழைய மாளிகையைத் துப்புரவு செய்யும் வேலையில் என்னோடு ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருந்தார். மெலிந்தவர், தூக்கம் காணாத கண்கள். சுவரில் தொங்கிய ஜெனரலின் படத்தைத் துடைக்கும்போதெல்லாம், "என்ன சேர், இண்டைக்காவது லீவு தந்தவையோ?" என்று கேட்பார்.

"ஆர் அண்ணை இந்தாள்?"

"டேனிஷ்காரர்தான். அந்தக் காலத்தில ரஷ்ய ராணிக்குச் சண்டை பிடிக்கப் போனவர். வயசு போக ஊருக்கு வரக் கேட்டவர், ராணி விடேல்லை. படம் மட்டும் வந்தது."

ஒருநாள் அண்ணையின் அம்மா, ஊரிலிருந்து, கண் மூடமுன் வந்து முகம் காட்டச் சொல்லி எழுதியிருந்தார். அகதியாக வந்தவர் எப்படிப் போவது? இரவல் கோட்டுடன் ஸ்டூடியோவில் படம் எடுத்து, தபாலில் போடுமுன் என்னிடம் நீட்டினார்.

"உண்மையைச் சொல்லும், நானும் அந்தாள் மாதிரியே நிக்கிறனோ?"

"இல்லையண்ணை, நீங்கள் சிரிக்கிறியள்."

"அம்மா பாக்கப்போறா எல்லே" என்றார்.

அவ்வளவு களைப்புக்குள் அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாரோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை.