மூன்று பேராக வெளிக்கிடாதே

எங்கள் வெள்ளவத்தை பிளாட் மேற்குப் பார்த்தது. பின்னேரங்களில் ஃபேனுக்குக் கீழே இருந்தாலும் கழுத்து நனையும். அந்த வேர்வைக்குள் இருந்துகொண்டுதான் போன குளிர்காலம் முழுக்க ஃபோனில் சுவிஸ் மலைகளின் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்தேன். தம்பி அங்கே ஒரு மலையூர் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. லீவு கிடைத்தால் ஸ்கீயை மாட்டிக்கொண்டு, பாதையே இல்லாத சரிவுகளில் ஏறி இறங்குவான். கடற்கரைப் பக்கம் வளர்ந்தவனுக்கு இது என்ன விசர் என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன்.

அறிக்கையில் ஆபத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை போடுவார்கள். நாலு, ஐந்து என்றால் அநேகமாக ஒருவரும் போகமாட்டார்கள். மூன்றில்தான் ஆட்களுக்குத் துணிச்சல் வரும். அந்தக் கிழமை முழுக்க மூன்று. முதலில் விழுந்த பனி அடியில் சீனி மாதிரி உதிரியாகக் கிடக்கிறது, அதன்மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த பனி பலகையாக இறுகியிருக்கிறது, ஓர் ஆளின் பாரமே போதும், பலகை முழுதாக வழுக்கிவிடும் என்று எழுதியிருந்தது. ஃபோன் எடுத்துத் தம்பிக்குச் சொன்னேன்.

"அஞ்சில மூண்டுதானே அக்கா. நாங்கள் மூண்டு பேர் போறம். எல்லாரிட்டயும் புதைஞ்ச இடம் காட்டுற சிக்னல் மெஷின் இருக்கு, பனி கிண்டச் சவள் இருக்கு. ஒராள் புதைஞ்சா மற்ற ரெண்டு பேரும் கிண்டி எடுப்பம். கொழும்பில இருந்துகொண்டு எனக்குப் பனி படிப்பிக்காதை."

பக்கத்திலிருந்து "அக்கா, சுகமோ?" என்று ஒரு குரல் கேட்டது. அவனோடு வேலை செய்யும் சுவிஸ்காரப் பெடியன், போகிற மூன்று பேரில் ஒருவன். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். "சுகம், சுகம்" என்றேன். கோபத்தில் அதற்குமேல் கதைக்காமல் வைத்துவிட்டேன்.

அம்மா சோபாவில் இருந்து போஞ்சிக்காய் நறுக்கியபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மூண்டு பேரா வெளிக்கிட்டாக் காரியம் சரிவராது எண்டு சொல்லு" என்றார். பெண் பார்க்கப் போவதென்றாலும் மூன்று பேராகப் போகாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது நாலாவதாக இழுத்துக்கொண்டு போகிற ஆட்கள் நாங்கள். எனக்கு இதில் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் அறிக்கைக்கு அசையாதவன் அம்மாவுக்கு அசைவான் என்று தெரியும். உடனே திரும்ப எடுத்தேன்.

"அம்மா அழுறா. மூண்டு பேரா வெளிக்கிடாதையாம். சாப்பாடும் வேண்டாமாம். நான் இவவை என்னெண்டு சமாளிக்கிறது?"

அம்மா அழவில்லை. விளம்பரம் போனபோது தேத்தண்ணி கேட்டார், அவ்வளவுதான்.

 தம்பி, "சரி, நான் போகேல்லை, நிக்கிறன். சந்தோசமோ?" என்று வைத்துவிட்டான். சந்தோசம்தான். மற்ற இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்று எனக்கு யோசனையே வரவில்லை.

அவர்கள் போனார்கள். பலகை உடைந்து அந்தச் சுவிஸ்காரப் பெடியனை மூடியது. கூடப் போனவன் சிக்னலை வைத்துச் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் சரிந்து வந்து நின்ற பனி கொங்கிறீட் மாதிரி இறுகிவிடுமாம். தனி ஆளாகக் கிண்டிக் கிண்டி அவனுடைய கை ஓய்ந்துபோனது. வெளியே எடுத்தபோது மூச்சில்லை.

"இடம் தெரிஞ்சிருக்கு அக்கா" என்று தம்பி அழுதான். "இன்னொரு சவள் இருந்திருந்தா..."

"பாத்தியே? மூண்டு பேர் எண்டு நான் சும்மாவே சொன்னனான்?" என்றார் அம்மா. வேறு நாளென்றால் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று சண்டைக்குப் போயிருப்பேன்.  அன்று பின்னேரமே அம்மா என்னையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தம்பி பேரில் அர்ச்சனை செய்வித்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று மனம் குளிர்ந்தது. குளிர்ந்த உடனேயே சீ என்று வந்தது. அந்தப் பெடியனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள். மூன்று பேரும் போயிருந்தால் மூன்று பேருமே புதைந்திருக்கலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்க்கிறேன். இருக்கலாம். ஆனாலும் நித்திரை வருவதில்லை.

செத்தவீடு முடிந்து தம்பி கூப்பிட்டான்.

"அவன்ர தாய் கேட்டவா, நீ ஏன் போகேல்லை எண்டு. என்ர அம்மா அழுதவா எண்டு சொன்னனான். அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, தாய் அழுதா நிக்கத்தான் வேணும், நீ செய்தது சரி எண்டவா."

ஃபோனோடு எழும்பி அம்மாவுக்குக் கேட்காத தூரம் போனேன்.

"அம்மா அழுதவாதானே அக்கா?"

"ஓம்" என்றேன்.