போயிட்டு வா கண்ணு

பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். மண்டபத்தூர் கடற்கரைக்கு நான் அழைத்து வந்ததோ பன்னிரண்டு பிள்ளைகளை. சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் எனக்குப் பதினாறு வருட சர்வீஸ். தலை எண்ணாமல் வேன் நகரக் கூடாது என்று புது ஆசிரியர்களுக்கு வகுப்பே எடுப்பவன். அன்று சீட்டுக்கு அடியில் தேடினேன். டேஷ்போர்டைக்கூடத் திறந்து பார்த்தேன்.

"சார், ஃபர்ஹானாவுக்குப் பதினாலு வயசு. அதுக்குள்ள எப்படி இருப்பா?" என்றார் உதவியாளர் விஜயா.

ஃபர்ஹானாவுக்கு ஆட்டிசம். பேசுவது குறைவு. நாம் சொல்வதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்வாள். பள்ளிப் பயணத்துக்கு அவளுடைய உம்மா ஜமீலா சம்மதித்தது அதுதான் முதல் தடவை. "கடல் பக்கம் சார். உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்று மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை நெஞ்சில் கை வைத்தேன். இப்போதும் கை அங்கேதான் இருந்தது, படபடப்பை எண்ணிக்கொண்டு.

மற்ற பிள்ளைகளை விஜயாவிடம் விட்டுவிட்டு, விசிலை ஊதிக்கொண்டே மணலில் ஓடினேன். விசில் சத்தம் கேட்டால் ஃபர்ஹானா காதைப் பொத்திக்கொண்டு எதிர்த்திசையில் போவாள் என்பது பாதி தூரம் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவள் செல்வி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படகில் வரும் மீனை வகை பிரிப்பவர் செல்வி. காலையில் அவரோடு சேர்ந்து மத்தி ஒரு கூடை, நெத்திலி ஒரு கூடை என்று ஃபர்ஹானாவும் பிரித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காராதவள், இங்கே ஒரு மணி நேரம்.

"ஏன் சார் இப்படி மூச்சு வாங்குறீங்க? புள்ள இப்பதானே வந்துச்சு" என்றார் செல்வி.

ஃபர்ஹானா கையில் பட அட்டவணை. வேன், கடல், மீன், சாப்பாடு, மறுபடி வேன், பள்ளி என்று அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக ஒட்டிக் கொடுத்திருப்போம். ஒன்று முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தை உரித்துவிடும். இரண்டாவது வேன் படமும் உரிந்திருந்தது. அப்படியென்றால் வேனுக்கு வந்திருக்கிறாள். நான் தண்ணீர் கேன் ஏற்றிய நேரத்தில் திரும்பியிருக்கிறாள். ஏன்?

பயம் இறங்க, ஆர்வம் ஏறியது.

"வாம்மா, கிளம்பலாம்" என்றேன். எழுந்தாள்.

"போயிட்டு வா கண்ணு" என்றார் செல்வி.

வேன் வரை வந்தாள். படியில் கால் வைத்தாள். எடுத்தாள். திரும்பி நேரே செல்வியிடம் நடந்தாள். பின்னாலேயே நான்.

"போனேன். வந்தேன்" என்றாள் அவரிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுள் முழுக்க நான் சொல்லிவரும் வார்த்தை. அதைச் சொன்னபடியே செய்த முதல் ஆள் இவள்தான்.

"அக்கா, 'போ'ன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

செல்வி முறைத்தார். "எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு. இங்க உக்காந்துக்கிட்டு ஒரு புள்ளையப் பாத்து 'போ'ன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நீங்க சொல்லுங்களேன் பாப்போம்!"

எனக்கும் வரவில்லை. 'நேரடியான சொற்களைப் பயன்படுத்துங்கள்' என்று பயிற்சி வகுப்பில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறவன் நான்.

செல்வி கொஞ்சம் யோசித்தார். பிறகு ஃபர்ஹானாவின் முகத்தருகே குனிந்து, "கண்ணு, இப்ப போயிட்டு, அடுத்த புதன்கிழம வா" என்றார்.

"புதன்கிழமை" என்றாள் ஃபர்ஹானா. நடந்தாள். வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஜமீலாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். இனி அனுப்ப மாட்டேன் என்பார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

"அவ வாப்பா துபாய்க்குக் கிளம்பும்போது காலண்டர்ல திரும்பி வர்ற தேதிய வட்டம் போட்டுட்டுத்தான் 'போயிட்டு வரேன்'னு சொல்வாங்க சார். இல்லாட்டி இவ வாசலை விட்டு நகர மாட்டா. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புதன்கிழமைன்னு சொல்லிட்டாங்கள்ல? கூட்டிட்டுப் போயிடுங்க."

எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு டூர்தான். தலைமையாசிரியை, "இந்த வருஷ டூர் முடிஞ்சிடுச்சே சார்?" என்றார்.

"டூர் முடிஞ்சிடுச்சு மேடம். போயிட்டு வர்றதுலதான் வர்றது பாக்கி இருக்கு."

புதன்கிழமை நாங்கள் போனபோது, செல்வி தன் பக்கத்தில் உட்கார இன்னொரு பலகையைப் போட்டு வைத்திருந்தார்.

இளைய ஆசிரியர்களே, தலையை எண்ணுங்கள். கிளம்பும்போது காதில் விழுந்த வார்த்தையையும் கவனியுங்கள். நான் இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் கிழமை சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்பதில்லை. சொன்ன கிழமையில் போயும் நிற்கிறேன். சொந்தக்காரர்கள்தான் கொஞ்சம் கலங்கிப்போயிருக்கிறார்கள்.