டின்னருக்குள் ஓட வேண்டிய படம்

என் நாற்பதுகளில் பெரும்பகுதியை நகராத ஒரு நீலக் கோட்டின் முன்னால் கழித்தேன். கல்யாண வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் எழுதி முடித்த பிறகு, அத்தனையையும் கணினி ஒரே படமாகச் சமைத்துத் தரவேண்டும். ரெண்டர் என்பார்கள். எவ்வளவு சமைந்திருக்கிறது என்று காட்டுவதற்குத் திரையின் அடியில் அந்தக் கோடு நீண்டுகொண்டே வரும். எங்கள் ஸ்டூடியோவில் அது முதலில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி ஓடும். கொஞ்ச தூரம் போனதும் மேடேறிய என்னைப்போல மூச்சு வாங்கி நின்றுவிடும். பிறகு அது உண்மையில் நகர்கிறதா, நான் கண் சிமிட்டியதில் நகர்ந்த மாதிரி தெரிகிறதா என்பதை ஞானிகள்தான் சொல்லவேண்டும்.

ஸ்டூடியோ மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா என்ற ஊரில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. அக்காவுடையது. அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்; அவர் பார்க்கிற பார்வைக்கு வேறு முறை வைக்க யாருக்கும் துணிவில்லை. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கேமரன் மலையின் தேவாலயங்களிலும் கோயில்களிலும் பின்பக்கமாகவே நடந்து பழகியவர். நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகை பிழைகளோடு வாழப் பழகிக்கொண்டதும் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பினேன். அக்கா என்னை வேலைக்கு எடுத்த நேர்முகத் தேர்வு சிறியது. "கம்ப்யூட்டர் தெரியுமா?" "தமிழ் டைப் அடிப்பேன்க்கா." "போதும்லா. மிச்சத்தப் படிச்சுத் தெரிஞ்சுக்க. நீதான் எந்நேரமும் பொஸ்தகமும் கையுமா திரியிறியே."

அக்காவுக்கு இந்த மலையில் ஒரே எதிரி மூடுபனி. சுவரில் பூஞ்சணம், செருப்பில் பூஞ்சணம், ஏமாந்தால் கேமராவின் கண்ணாடிக்குள்ளும் வெள்ளைச் சிலந்திவலை மாதிரி பூஞ்சணம். அதற்காகவே ஓர் அலமாரி செய்து வைத்திருந்தார். கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டி, உள்ளே இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரியும். ஈரம் அண்டாது. அவருக்கு எதன்மேல் பிரியம் வந்தாலும் அது அந்த அலமாரிக்குள் போய்விடும். லென்சு போயிற்று, பேட்டரி போயிற்று, பாஸ்போர்ட் போயிற்று, நொறுங்காமல் இருக்கவேண்டிய முறுக்கும் போயிற்று. புதிதாகக் கணினி வாங்கியபோது அதன் பெட்டிக்கும் நடுத்தட்டில் அந்த மரியாதை கிடைத்தது. பின்பக்கம் ஒரு துளை போட்டு வயர்களை மட்டும் என் மேசைக்கு இழுத்துவிட்டோம். கதவு இளஞ்சூடாக இருக்கும். குளிர் காலையில் சாக்ஸ் போட்ட காலை அதில் பதித்துக்கொண்டு வேலை பார்ப்பது, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே ஆடம்பரம்.

கோடு நிற்பதற்குக் காரணத்தை நான் தேடாமல் இல்லை. தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன். நினைவகம் கூட்டினேன். மென்பொருளைப் புதுப்பித்தேன், அது இன்னும் மோசமானதும் பழையதற்குத் திரும்பினேன். இணையத்தில் முகம் தெரியாத மனிதர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்ன பரிகாரங்களையெல்லாம் பக்தியோடு செய்தேன். பக்கத்துக்குள்ளேயே பிழை தேடிப் பழகிய கண் எனக்கு. பக்கம் எதன்மேல் கிடக்கிறது என்று பார்த்ததே இல்லை. அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

"என்னா தம்பி, படுத்திருச்சா?"

"யோசிக்குதுக்கா."

"யோசிக்கிறத நீ பாத்துக்க. அத வேல பாக்கச் சொல்லு."

ஒரு சனிக்கிழமை, காய்கறி லோரி ஓட்டும் ஒருவருடைய மகளின் கல்யாணம் வந்தது. தோட்டத்துக் குடும்பம், பெண் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். முதல் நாள் இரவு ஓட்டவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட, முட்டைக்கோசு கல்யாணத்துக்காகக் காத்திருக்காது என்று தகப்பனே கோலாலம்பூர் சந்தைக்கு ஓட்டிப் போயிருந்தார். விடிவதற்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. மலையேறும் தாப்பா சாலையில் மண் சரிந்துவிட்டது. மண்ணள்ளும் இயந்திரக்காரன் "இதோ, இதோ" என்று சொன்னதை நம்பிக் காத்திருந்தார். பிறகு நம்பிக்கை போய், வண்டியைத் திருப்பி, சிம்பாங் பூலாய் வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு ஏறினார். அங்கே கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த ஊரெல்லாம் சாலையில் நின்றது. தேவாலயத்தில் பாதிரியார் முடிந்தவரை தாமதப்படுத்தினார். கடைசியில் தாய்மாமன் கை கொடுக்க, பெண் உள்ளே நடந்தாள். நடுவில் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தாள். அக்காவின் கேமரா அதைப் பிடித்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து, போட்டோக்காரர் மணமக்களைத் தேயிலைச் சரிவுக்கு அழைத்துப் போன பிறகு, நாங்கள் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தபோது லோரி வந்து நின்றது. தகப்பன் இறங்கி, தரையில் கிடந்த பூவிதழ்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வந்தார்.

"முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"யாரு கூட்டிக்கிட்டுப் போனது?"

"மாமன்தான்."

தலையாட்டினார். "புள்ள நல்லா நடந்துச்சா?"

ரொம்ப அழகாக என்று நான் வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னார்: "எங்கள ஏன் கேக்கறீங்க? நீங்களே பாத்துக்குங்க. சாயங்காலம் டின்னர்ல படம் ஓடும். அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வரைக்கும், ஒண்ணு விடாம."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. "அப்ப நான் போயி குளிச்சிட்டு வந்துடறேன்" என்று லோரியில் ஏறினார். எங்கள் ஸ்டூடியோ ஒரு கல்யாணப் படத்தைக் கொடுக்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அக்கா, இது நடக்காது. அந்தப் பெட்டிய வெச்சிக்கிட்டு..."

"நடக்காதுன்னு சொல்றதுக்கா உன்ன வெச்சிருக்கேன்? பெட்டி சரியில்லன்னு அந்த மனுசன்கிட்ட நீயே சொல்லு. ஓடு, லோரி இன்னும் திரும்பல."

நான் ஓடவில்லை. மாடியேறி உட்கார்ந்தேன்.

அசல் படங்கள் கனமானவை. இழுத்தால் திக்கித் திக்கி வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஓர் இலேசான நகலை நிறுத்திவிட்டு வெட்டத் தொடங்கினேன். என்ன செய்கிறாய் என்று அக்கா கேட்டார். இப்போது நிற்பதெல்லாம் பதிலாள், வேலை முடிந்ததும் அசல் உள்ளே வந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "மாமன் நின்ன மாதிரின்னு சொல்லு. கடைசில அப்பன் வந்துருவான்ல?" "வந்துருவான்க்கா."

அடுத்து என் கலைத்திறனைக் கழற்றவேண்டியிருந்தது. எழுத்து சுழன்று வருவது, முகத்தைச் சுற்றிப் பொன்னொளி, இதய வடிவில் காட்சி திறப்பது, எல்லாமே கணினியின் முதுகில் நான் ஏற்றிய மூட்டைகள். மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டும் ஒரு வித்தைமேல் எனக்குத் தனிப் பாசம். அதில் கை வைக்கத் தயங்கியபோது அக்கா சொன்னார்: "எடுத்துடு. சர்ச்சுக்குள்ள எங்கடா மழ பெய்யும்? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்." எடுத்தேன். பாடல்களைக் குறைத்தேன், பிரசங்கத்தை ஒரு வாக்கியமாக்கினேன். அவள் நடந்து வரும் இடத்தையும் சுருக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"அதத் தொடாத. கதவுலேர்ந்து பீடம் வரைக்கும் முழுசா வேணும். அவரு நடந்திருக்க வேண்டிய தூரம்லா அது."

அப்புறம் ரெண்டர் கொடுத்தேன். கோடு துள்ளியது. வழக்கமான இடத்தில் நின்றது. அத்தனை மூட்டையை இறக்கியும் நின்றது. மீண்டும் தொடங்கினேன், மீண்டும் துள்ளல், மீண்டும் மூச்சிரைப்பு. வெளியே பனி இறங்கி எதிர்க் கடையை மறைத்தது. குளித்து முடித்து, கோட்டுப் போட்டு, ஏமாறத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மனிதரை நினைத்துக்கொண்டேன். இதுவரை நான் யாரையும் நேருக்கு நேர் ஏமாற்றியதில்லை, அச்சில்தான்.

அக்கா நின்றபடியே சொன்னார்: "கழட்டு."

"ஓடிக்கிட்டிருக்குக்கா!"

"இதுக்குப் பேரு ஓட்டமா? மண்டபத்துல போயி புரொஜெக்டர் வேற மாட்டணும். அங்க போயி மறுபடி விடு. இந்தக் கோட்ட இங்க உக்காந்து பாத்தா என்னா, அங்க உக்காந்து பாத்தா என்னா?"

அலமாரியிலிருந்து பெட்டியை உருவி வேனில் மடிமேல் வைத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி மாதிரி இருந்தது. கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அக்கா ஜன்னலை இறக்கிவிட, மண்டபம் இருந்த ரிங்லெட் வரை குளிர்காற்று அறைந்தது. மடியிலிருந்த சூடு ஒன்றுதான் ஆறுதல். ஊர் வருவதற்குள் அதுவும் ஆறிவிட்டது. அப்போது நான் வருத்தப்பட்டேன் என்பதையும், அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மண்டபத்தின் பின்னறையில், பாதிக் கண்ணாடி உடைந்த ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. பெட்டியை வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, கோடு வழக்கமாக நிற்கும் இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடத்தைக் கோடு தாண்டிப் போயிற்று. ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பெட்டியின் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. அப்போதுதான், மூளைக்கு முன்னால், என் பாதங்களுக்கு விஷயம் புரிந்தது.

"அக்கா, சூடு. சூடுதான்க்கா!"

"பல்லு அடிக்குது, சூடுங்கற."

"அலமாரிக்கா. பல்பப் போட்டு உள்ள வெச்சுப் பூட்டியிருக்கோம். சூடு தாங்காம அதுவே வேகத்தக் கொறச்சிக்குது. எரிஞ்சு போயிடாம இருக்க."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அலாமாக். அப்ப இவ்ளோ நாளா நான் அத அவிச்சிக்கிட்டா இருந்தேன்?"

"நான் பக்கத்துல உக்காந்து குளிர் காஞ்சேன்."

"படிச்ச ஆளுன்னு வேலைக்கு வெச்சேன் பாரு" என்றபடி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னார். பிறகு ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டார். ஆயுள் முழுவதும் எந்தப் பனிக்குப் பயந்து கதவுகளில் ரப்பர் ஒட்டினாரோ, அதைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்த மாதிரி இருந்தது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, "ஜன்னல சாத்துங்கலா, பிரியாணி ஆறுது!" என்று கத்தினார். "ஆறட்டும். இது ஆறாட்டிதான் கஷ்டம்" என்றார் அக்கா. விருந்தினர் வந்து உட்காரும்போது கோடு திரையின் கடைசியைத் தொட்டது. அந்தக் கடைசி எப்படியிருக்கும் என்று அன்றுதான் நடுராத்திரிக்கு முன்னால் பார்த்தேன்.

இப்போது என் மேசையில் தட்டையான சின்னக் கணினி ஒன்று இருக்கிறது. தேநீர் ஆறுவதற்குள் படத்தை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்கிறது. மூட்டுவலிக்கு மலைக்குளிர் ஆகாது என்று அக்கா ஈப்போவில் மகனோடு இருக்கிறார். ஸ்டூடியோ இருந்த மாடியில் கைப்பேசிக் கடை. கணினியை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இளைஞர்கள் யாராவது கேட்டால், ஜன்னலைத் திறந்தோம் என்கிறேன். நகைச்சுவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் திறந்தது ஜன்னல் அல்ல. முடியும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு எப்படி என்று தேடிய ஒரு வாய். நான் எப்போதும் எப்படி என்று தேடிக் களைத்த பிறகு முடியாது என்பவன்.

அந்த மாலையில் தகப்பனார் ஈரத் தலையோடு, மடிப்புக் கலையாத கோட்டு அணிந்து வந்தார். வாசலில் மகள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா போயிட்டீங்க?" என்று திட்டத்தான் செய்தாள். "ரோட்டுலதாம்மா இருந்தேன்" என்றார் அவர், அது ஏதோ பதில் மாதிரி. அவரை முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள். போகாமல், பின்னால் எங்கள் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

விளக்கு அணைந்தது. திரையில் கதவு திறந்தது. மாமன் கால் மாற்றி வைத்துத் தடுமாற, மண்டபம் சிரித்தது. மாமனே உரக்கச் சிரித்தார். பிறகு திரையில் பெண் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தாள். இருட்டில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல், "என்னையத்தான் தேடுது" என்றது.

மேடையிலிருந்த மகள் என்ன நினைத்தாளோ, எழுந்து, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுப்பாதை வழியாக அவ்வளவு தூரமும் பின்னால் வந்தாள். தகப்பன் முழங்கைக்குள் தன் கையைச் செருகினாள். இருவரும் முன்னோக்கி நடந்தார்கள், நேராகப் புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள். இரண்டு பெரிய நிழல்கள் எழுந்து திரையை மூடின. நாள் முழுக்க உழைத்து நான் கொண்டுவந்த படத்தை ஒருவராலும் பார்க்க முடியவில்லை. மறைக்குது என்று ஒருவரும் கத்தவில்லை. வழியெல்லாம் கைகள் நீண்டு அவரைப் பிடித்துக்கொண்டதால் அவர்கள் மெதுவாகத்தான் போனார்கள். பாட்டு முடிந்தது, உறுதிமொழி முடிந்தது. மோதிரம் மாற்றிக்கொண்டது அவருடைய கோட்டு முதுகில் நடந்தது.

அக்கா எப்போது கேமராவை எடுத்தார் என்று தெரியாது. அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து மேடை வரை போய்விட்டு, வேர்த்து வந்தார்.

"இதயும் அதுல சேத்துடு தம்பி."

"மாமன் நடந்தத எடுத்துட்டு, பதிலா இதப் போட்டுடவாக்கா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ரோஜா மழையெல்லாம் சாதாரணக் குற்றமாகிவிட்டது.

"பதிலா ஒண்ணும் வேணாம். ரெண்டும் இருக்கட்டும். அந்த மனுசனும் நடந்தான்ல?"